மாமல்லபுரம் கடலில் சொகுசுப் படகு: ஏ.சி இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி

கோவாவுக்கோ துபாய்க்கோ போன நண்பர்கள் யாட்ச்சில் நின்று போடும் ரீல்ஸைப் பார்த்தால் நமக்கும் தோன்றும்: 'நம்ம ஈ.சி.ஆர்ல மட்டும் ஏன் இதெல்லாம் இல்ல?' நியாயமான கேள்விதான். கோவளத்தில் நீலக்கொடி வாங்கிய கடற்கரை இருக்கிறது. மாமல்லபுரத்தில் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள கடற்கரைக் கோயில் இருக்கிறது. வார இறுதியில் காசு செலவழிக்கத் தயாராகச் சென்னையிலிருந்து கூட்டமும் வருகிறது. ஒரு வெள்ளை நிறச் சொகுசுப் படகுதான் பாக்கி.

இப்போது அதே கரையில் மணலில் ஏற்றி வைத்திருக்கும் மீனவர்களின் ஃபைபர் படகைப் பாருங்கள். கூரை கிடையாது, சீட் கிடையாது, பெயின்ட் உரிந்திருக்கும். போட்டோவுக்கு ஆகாது. ஆனால் இந்தக் கடலுக்கு எது பொருத்தமான படகு என்று கேட்டால், இதுதான் பதிலுக்கு மிக அருகில் இருக்கிறது.

துறைமுகம் இல்லாத கரை

வடக்கே சென்னை, காசிமேடு. தெற்கே புதுச்சேரி. நடுவில் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டக் கரையில் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று ஊர் ஊராக மீனவர்கள் திறந்த மணலில் இருந்துதான் கடலுக்குப் போகிறார்கள், அதே மணலுக்குத்தான் திரும்புகிறார்கள். அலை தடுப்புச் சுவருக்குப் பின்னால் நிம்மதியாக நங்கூரம் போட இடமில்லை. போகும்போதும் வரும்போதும் கரையோரம் உடையும் அலையைத் தாண்டியே ஆக வேண்டும்.

அந்த இடம்தான் சிக்கல். ஆழ்கடலில் அலை படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். கரையை நெருங்கும்போது ஆழம் குறைந்து அலை நிமிர்கிறது. தோராயமாக ஒரு மீட்டர் உயர அலை 1.3 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் உடைந்து விழும். அந்த நேரத்தில் படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டால் கதை முடிந்தது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ப்ரொப்பெல்லரும் சுக்கானும் மணலில் இடித்தால் அதைவிட மோசம். மாலை பார்ட்டிக்காக வடிவமைத்த க்ரூஸர் இந்தச் சோதனைக்கு வரவே வராது. அது மெரினாவில் ஆரம்பித்து மெரினாவில் முடியும் பயணத்துக்கானது. (இங்கே மெரினா என்பது உல்லாசப் படகுத்துறை. நம்ம பீச் இல்லை.)

இதற்கு ஒரு பொறியியல் விடை சென்னையிலேயே தேடப்பட்டது. 1979-ல் தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. துறைமுகம் இல்லாத கரைகளுக்கென்றே 'பீச் லேண்டிங் கிராஃப்ட்' என்ற படகுகளை அந்தத் திட்டம் வடிவமைத்துச் சோதித்தது. அதில் உருவானதுதான் 'பாப் டிரைவ்': ப்ரொப்பெல்லர், ஷாஃப்ட் எல்லாவற்றையும் சேர்த்து மேலே தூக்கிக்கொள்ளும் ஏற்பாடு. படகு மணலில் ஏறும்போது அடியில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. இன்றைய ஃபைபர் படகுகளில் இருக்கும் நீண்ட வால் இன்ஜினும் அவுட்போர்டும் வேறு வழியில் செய்வது இதையே. கரை நெருங்கியதும் ஒருவர் இன்ஜினை அலேக்காகத் தூக்கிவிடுவதைக் கோவளத்தில் நீங்களே பார்க்கலாம்.

அதற்கும் முந்தைய விடை கட்டுமரம். மரங்களைச் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். உள்ளே என்று ஒன்று இல்லாததால் தண்ணீர் தங்குவதற்கும் இடமில்லை, கவிழ்ந்தாலும் மூழ்காது. அந்தப் பெயரிலிருந்து வந்த 'கேட்டமரான்' இன்று பல கோடி ரூபாய் இரட்டை உடல் யாட்ச்சுகளின் பெயர். உலகம் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வடிவத்தை விட்டுவிட்டது.

'உறுதியான படகு' என்றால் என்ன?

பலர் நினைப்பதுபோல் தடிமனான உடலும் பெரிய இன்ஜினும் மட்டுமல்ல. ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை சுமார் 1,025 கிலோ. ஒரு அலை டெக்கில் ஏறினால் ஒரு சின்ன கார் வந்து விழுந்த மாதிரி. ஆகவே முதல் கேள்வி, ஏறிய தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வெளியேறும்? வெளியேறாமல் தங்கினால், படகு சாயும் பக்கமே அந்தத் தண்ணீரும் ஓடும், சாய்வை இன்னும் கூட்டும். சாப்பாட்டுத் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டு நடந்து பார்த்தால் புரியும்.

இரண்டாவது, எடை எங்கே இருக்கிறது? கனம் கீழே இருந்தால் படகு சாய்ந்தாலும் நிமிரும். சொகுசு க்ரூஸரில் நமக்குப் பிடித்த அத்தனையும் மேலேதான் இருக்கும்: மாடி டெக், பெரிய கண்ணாடி, ஸ்பீக்கர், செல்ஃபி எடுக்க ஏறும் கூட்டம். உயரமான பக்கச்சுவர் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி வேலை செய்யும், அகலமான கண்ணாடி அலைக்குப் பலவீனமான இடம். வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்று வீசும்போது இவை எதுவும் உதவாது.

கரடுமுரடான கடலுக்கென்றே கட்டிய நவீன மோட்டார் படகுகளும் இருக்கின்றன. இந்தியக் கடலோரக் காவல் படைக்காக எல் அண்ட் டி கட்டிக்கொடுத்த 54 இடைமறிப்புப் படகுகள் ஓர் உதாரணம். 45 நாட் வேகம் போகும், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். ப்ரொப்பெல்லருக்குப் பதில் வாட்டர்ஜெட். ஆனால் அவை வேலைக்கான படகுகள், சோஃபாவை எதிர்பார்க்காதீர்கள்.

ஐரோப்பாவில் விற்கும் உல்லாசப் படகுகளுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. எந்தக் கடலைத் தாங்க வடிவமைத்தது என்பதை ஓர் எழுத்தில் சொல்லியாக வேண்டும். 'டி' பிரிவுப் படகு 0.3 மீட்டர் அலைக்கு மட்டுமே, அதாவது ஏரி, கழிமுகம். 'சி' பிரிவு 2 மீட்டர் வரை. 'பி' பிரிவு 4 மீட்டர் அலையும், மணிக்கு 74 கி.மீ வரை போகும் காற்றும். அதற்கும் மேலே 'ஏ'. பளபளப்புக்கும் இந்த எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. விலை உயர்ந்த படகு 'சி' பிரிவிலும் இருக்கலாம்.

முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமில் 125 அடி நீள இரண்டடுக்கு மிதக்கும் உணவகம் வந்திருக்கிறது. அதைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அமைதியான கழிமுகத் தண்ணீருக்கான ஏற்பாடு அது. ஆனால் முகத்துவாரத்தைத் தாண்டினால் வங்காள விரிகுடா. கொஞ்ச தூரம்தான், ஆனால் தண்ணீரின் குணமே வேறு. 'இங்கே ஓடுதே, அங்கேயும் ஓட்டலாமே' என்ற யோசனை எப்போது வந்தாலும் ஆபத்து அங்கே தொடங்குகிறது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2009-ல் தேக்கடியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அது கடல்கூட இல்லை, ஏரி. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர். 2014 குடியரசு தினத்தன்று அந்தமானில் 'அக்வா மரைன்' படகு கவிழ்ந்து 21 பேர். அதில் இருந்தவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து சுற்றுலா போனவர்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேர். தானூர் படகு மீன்பிடிப் படகாகப் பிறந்து, மாடி கட்டிச் சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டது. கடலுக்குப் பழக்கமான உடல்தான், ஆனால் எடையை மேலே ஏற்றியதும் அது வேறு படகாகிவிட்டது.

'அப்போ 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கோர்டிலியா சொகுசுக் கப்பல்?' என்று கேட்கலாம். அந்த 'எம்ப்ரஸ்' கப்பல் 11 தளங்கள் கொண்டது, 1990-ல் கடல் பயணத்துக்கென்றே கட்டப்பட்டது. அளவே அதற்குப் பாதுகாப்பு. ஆனால் அதற்குச் சென்னைத் துறைமுகம் மாதிரி ஆழமான இடம் வேண்டும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைத் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டே கடந்துபோகலாம், பக்கத்தில் வர முடியாது.

சரி, மீனவர் படகு பத்திரமானதா? இல்லை, அதையும் ரொமான்டிக்காகப் பார்க்க வேண்டாம். அது திறந்த படகு, உள்ளே இருப்பவர்களின் கை பழக்கத்தை நம்பி ஓடுவது. அந்தப் பழக்கம் இல்லாத எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு 'ஒரு ரவுண்டு' போவது படகின் குணத்தையே மாற்றிவிடும். 2017 ஒக்கி புயலில் குமரி மீனவர்களின் துயரம் காட்டியதுபோல், தாங்கும் படகும் தேர்ந்த கையும் இருந்தாலும் எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் பலனில்லை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 65 முதல் 75 கி.மீ. அப்படிப்பட்ட இரவில் மீனவர் படகின் பாதுகாப்பு அதை மணல் மேட்டுக்கு இழுத்து ஏற்ற முடியும் என்பதுதான். க்ரூஸரை எங்கே ஏற்றுவது?

ஈ.சி.ஆரில் கடல் சுற்றுலா வரட்டும், வேலைவாய்ப்பு வரும். ஆனால் அனுமதி கொடுக்கும் அதிகாரி படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. எத்தனை மீட்டர் அலை வரை இந்தப் படகு, கடல் கெட்டால் எத்தனை நிமிடத்தில் எந்தத் துறைக்குப் போய் ஒதுங்கும், மாடியில் எத்தனை பேர் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். அந்த அலை அளவைப் படகின் பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதவும் வேண்டும். பஸ்ஸில் இருக்கை எண்ணிக்கை எழுதுகிறோமே, அதுபோல. ஒதுங்க இடம் இல்லை என்றால், முட்டுக்காட்டுக்குள்ளேயே ஓடட்டும்.

நீங்கள் ஏறுவதாக இருந்தால், ஹைதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' கடல் தகவல் மையம் சிறு படகுகளுக்கென்றே முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது, போனிலேயே பார்க்கலாம். அலையின் உயரம் மட்டுமல்ல, அது எவ்வளவு செங்குத்து, காற்று எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதையும் கணக்கில் எடுக்கும் எச்சரிக்கை அது. அதோடு, கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் யாராவது ஓர் அண்ணனிடம் 'இன்னிக்கு உங்க படகு போச்சா?' என்று கேளுங்கள். போகவில்லை என்றால் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டு மீன் வறுவல் சாப்பிடப் போங்கள்.