குடல் காலியாக வரும் குஞ்சு

கேள்வி: "குழுக் கடன் வாங்கி, இன்குபேட்டரில் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சுகள் 100 இறக்கினோம். நோய் வராமலிருக்க முதல் நாளே ஆன்டிபயாட்டிக் கலந்த தண்ணீர் வைத்தோம். இரண்டு வாரத்தில் கழிச்சல் கண்டு பாதி போய்விட்டது. அதே வீட்டில் அடைவைத்துப் பொரித்தவை நன்றாக இருக்கின்றன. ஏன்?"
- வாசகி, அரியக்குடி.

பதில்: அந்தத் தண்ணீர் மீதுதான் எனக்குச் சந்தேகம், அம்மா. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சின் குடலில் நுண்ணுயிர்கள் மிகக் குறைவு. தாயோடு திரியும் குஞ்சு, தாய் கிளறிய மண்ணையும் எச்சத்தையும் கொத்தியே நல்லவற்றைச் சேர்த்துக்கொள்ளும். அவை குருட்டுக்குடலில் இடம்பிடித்துவிட்டால், பின்னால் வரும் சால்மோனெல்லாவுக்கு இடமிருக்காது. 1973-ல் பின்லாந்தின் நூர்மியும் ரன்டாலாவும், வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததைக் குஞ்சுகளுக்குக் கொடுத்து இதை நிரூபித்தார்கள். இன்குபேட்டர் குஞ்சுக்குத் தாய் இல்லை. அதற்கு மருந்தையும் வைத்தால், குடியேற வரும் நல்லதும் செத்துப்போகும்.

கோலிஸ்டின் மருந்தைக் கோழிக்குக் கொடுக்க 2019-லேயே தடை. பொட்டலத்தில் பெயரைப் பாருங்கள்.

அதற்காகக் கோழி எச்சத்தை அள்ளிப் போட்டுவிடாதீர்கள்; ரத்தக்கழிச்சலும் கூடவே வரும். அடுத்த முறை குஞ்சு இறங்குமுன்பே புரூடரைச் சூடாக்குங்கள். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட். வந்தவுடன் சுத்தமான தண்ணீர், தீவனம். புரோபயாட்டிக் பொடியைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். ஏழாம் நாள் ராணிக்கெட் சொட்டு மருந்து தவறக் கூடாது.

இப்போதும் சாகிறதா? செத்த குஞ்சு ஒன்றை அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். நான் பயிர் படித்தவன். அறுத்துப் பார்க்காமல் நான் சொல்வதும் ஊகம்தான். மிச்சமுள்ள குஞ்சுகளுக்கு என்ன மருந்து என்பதை அவரே சொல்லட்டும்.