கடி அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம்

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, கடிபட்டு வந்தவர் பற்றிய தகவலை அரசுக்குத் தந்தாக வேண்டும். ஆணையைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால், அது எண்ணப்போவது மருத்துவமனைப் படியேறியவர்களை மட்டும்தான்.

2023-இல் அரசுக் கணக்குப்படி கடிகள் 19,795, இறப்புகள் 43. இந்த 43-ஐ நம்பச் சொல்கிறார்கள். வீடு வீடாகச் சென்று இறப்புக்கான காரணத்தைக் கேட்டறிந்த ‘பத்து லட்சம் இறப்புகள் ஆய்வு’, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்கிறது. இந்தியர்களில் ஏறத்தாழ பதினெட்டில் ஒருவர் தமிழ்நாட்டில் வசிக்கிறார். அந்தப் பங்குக்கு 3,000 இறப்புகளுக்கு மேல் வரும். நம் மருத்துவம் பத்து மடங்கு மேலானது என்றே வைத்துக்கொண்டாலும் 300 வர வேண்டும். மீதிப் பேர் எங்கே? அதே ஆய்வின் 2011 அறிக்கை சொல்லிவிட்டது: பாம்புக்கடி இறப்புகளில் 77 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே நிகழ்ந்தவை.

“சிகிச்சை நன்றாக இருக்கிறது, அதனால்தான் இறப்பு குறைவு” என்பார்கள். சிகிச்சைக்கே வராமல் செத்தவரைப் பற்றி இந்த வாதத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது.

அப்படிச் சொல்பவர்கள் தேனி மாவட்டத் தேவாரத்துக்கு வந்து பார்க்கட்டும். தேவாரம், கோம்பை, போடி வட்டாரப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஏலக்காய் கிளையில் காய்ப்பதில்லை; செடியின் தூரிலிருந்து தரையோரம் படரும் சரத்தில் காய்க்கிறது. குனிந்து, ஈரச் சருகுக்குள் கையை விட்டுத்தான் பறிக்க வேண்டும். குழிவிரியன் படுத்திருப்பதும் அதே சருகில்தான். கடி கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். இரண்டு மாநிலங்களில் எது கடிபட்டவரைத் தன் கணக்கில் எழுதும்?

எழுதினாலும் மருந்து? இந்தியாவில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கானது. அந்த நஞ்சில் பெரும்பகுதியை 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் சமவெளிப் பாம்புகளிடமிருந்து எடுத்துத் தருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேடுமூக்குக் குழிவிரியன் ரத்தம் உறைவதைக் கெடுத்துச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடியது. அதன் நஞ்சை இந்த மருந்து முறிக்காது. ஒவ்வாமை ஆபத்து மட்டும் மிச்சம். இலங்கையில் நஞ்சுள்ள பாம்புகளில் அதிகம் கடிப்பது இந்த இனமே என்று அந்நாட்டு மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். அங்கும் இந்திய மருந்துதான் போகிறது, இந்தக் கடிக்கு அங்கும் பலனில்லை. இத்தனைக்குப் பிறகும் இந்தக் குழிவிரியனுக்கு மருந்து வராததற்குக் காரணம் அறிவியல் அல்ல, கடிபடுபவர் தினக்கூலி என்பதுதான்.

2030-க்குள் இறப்பைப் பாதியாக்குவது மத்திய அரசின் இலக்கு. எதில் பாதி? 43-இல் பாதியா?

தேனி, இடுக்கி ஆட்சியர்கள் இருவரும் சேர்ந்து ஒரே பதிவேட்டைத் திறக்கலாம். கிராமத்து இறப்புப் பதிவுகளையும் தோட்டங்களின் வருகைப் பதிவையும் அதில் இணைக்க வேண்டும். கடித்த பாம்பின் இனத்தையும் குறிக்க வேண்டும். காய் பறிப்பவருக்கு முழங்கால் பூட்ஸும் கையுறையும் தருவது தோட்ட முதலாளியின் சட்டக் கடமையாக வேண்டும். இதைச் செய்யும்வரை அந்த அரசாணை பாதி ஆணைதான்.