மலை முழுதும் பரீட்சைப் பாத்தியா?

புதிதாகச் செய்த பஸ் வண்டியை முதல் நாளே ஐம்பது பேரை ஏற்றிப் பதுளை மலைப்பாதையில் எவரும் விடுவதில்லை. வெறும் வண்டியாக ஓட்டுவர். மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டுவர். மழையில், சரிவில், வளைவில் பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பர். பிழை இருப்பின் அது மணல் மூட்டையோடு போகட்டும் என்பதே இதன் நியாயம். வண்டிக்குள்ள இந்த நியாயம், மனிதர் வாழ்வையே மாற்ற வரும் திட்டத்துக்கு மட்டும் இல்லையா?

2021 மே மாதத்தில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் தடை செய்தது. 2019ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனம் இம்மாற்றத்துக்குப் பத்து ஆண்டுகள் என்றது. பத்து ஆண்டுகள் ஓர் இரவாகச் சுருங்கின! மக்களின் உடல்நலமே காரணம் என்றனர். வற்றிப்போன அந்நியச் செலாவணியைப் பற்றி மெல்லத்தான் பேசினர்.

இயற்கைப் பசளையை நாம் பழிக்கவில்லை. பதுளை மாவட்டத்தின் இதல்கஸ்ஹின்னத் தோட்டம் 1980களின் பிற்பகுதியிலிருந்தே அவ்வழியில் தேயிலை வளர்த்து வருகிறது. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும் உண்டு. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் கோதுமை வயலில் சாணமிட்ட பாத்தி, இரசாயனம் இட்ட பாத்தி, எதுவும் இடாத பாத்தி என 1843 முதல் அருகருகே வைத்து ஒப்பிட்டு வருகின்றனர். இரண்டு சாடிகளில் பயறு நட்டு, ஒன்றுக்கு மட்டும் பசளையிட்டுப் பார் என்று நாமும் வகுப்பில் கற்பிக்கிறோம். சிறு பிள்ளை அறிந்த இந்த முறையை அரசு அறியாதா? அறியும். ஆயினும் ஒப்பிடுவதற்கு ஒரு பாத்தியைக்கூட மிச்சம் வையாமல், நாடு முழுவதையும் பரீட்சைப் பாத்தியாக்கியது.

பயன் என்ன? 2021 நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அதற்குள் பசளையின் விலை ஏழைக்கு எட்டாத உயரம் ஏறியிருந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது.

இந்த நட்டத்தைச் சுமந்தவர் யார்? ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் வந்தது. அதன் மறுகையாகப் பல தோட்டங்களில் நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கிலோக் கணக்கை உயர்த்தினார்கள். பசளை காணாத மலையில் கொழுந்து குறைந்தது. கிலோக் கணக்கோ குறையவில்லை. கணக்கு எட்டாத நாளுக்கு அரைப்பேர். திட்டம் தீட்டியவருக்கு அரைச் சம்பளம் விழவில்லை. கூடை சுமந்த பெண்ணுக்கு விழுந்தது. வண்டியில் மணல் மூட்டை இருக்க வேண்டிய இடத்தில் அவளை ஏற்றினர்!

“கருத்து நல்லது, நடைமுறையில்தான் பிழை” என்று சமாதானம் கூறுவோர் இன்றும் உளர். நடைமுறையில் நின்று பாராத கருத்து நல்லதென்று இவர்கள் எங்ஙனம் அறிந்தனர்?

கொழுந்து வெட்டும் இயந்திரம் வருகிறது. சம்பளத்துக்குப் பதில் வருமானப் பங்கு என்ற திட்டமும் வருகிறது. புதுமையை நாம் வரவேற்போம். ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்டே வரவேற்போம்: எந்தச் சிறு மலையில் சோதித்தீர்கள்? அருகே எதனோடு ஒப்பிட்டீர்கள்? சோதனை தோற்றால் தொழிலாளியின் முழுப்பேருக்கு யார் பொறுப்பு? மூன்றுக்கும் எழுத்தில் விடை தராத எந்தத் திட்டமும் தோட்டத்து எல்லையைத் தாண்டலாகாது. இக்கேள்விகளைக் கேட்கும் துணிவை மாணவருக்கு ஊட்டுவது ஆசிரியராகிய நமது கடமை.