மலிவு வண்டி வாங்கியவன் முட்டாளா?

“கூழுக்கு வழியில்லாதவனுக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு? அப்படியே வாங்கினாலும், நாலு காசு சேர்த்து நல்ல வண்டியாக வாங்கக் கூடாதா? மலிவு என்றதும் சீனத்து வண்டியை வாங்கினான். ஆறு மாதத்தில் தெருவில் தள்ளிக்கொண்டு போகிறான். நன்றாக வேண்டும்!”

வேலைக்குப் போய்வர மலிவு வண்டி வாங்கும் ஏழையைப் பார்த்து இப்படி நையாண்டி செய்யும் கனவான்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பணம் இல்லாததால் ஏழை மலிவை வாங்குகிறான் என்று அவர்கள் சொல்வதில்லை. புத்தி இல்லாததால் வாங்குகிறான் என்கிறார்கள்.

இது உண்மையா? வாய்ப்பந்தலை விட்டுவிட்டு நடந்த கதையைப் பார்ப்போம். மலிவான சீன மோட்டார் சைக்கிளை லட்சக்கணக்கான உழைப்பாளி மக்கள் ஓரிரு வருஷத்தில் வாங்கிக் குவித்த நாடு ஒன்று உண்டு. அது வியட்நாம். 2000-ம் ஆண்டிலிருந்து 2002 வரை அங்கே நடந்ததை நம் மில் தொழிலாளிகளும் விவசாயத் தொழிலாளிகளும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கதையில் முட்டாள் யார், கெட்டிக்காரன் யார் என்பதைப் படித்து முடித்த பிறகு நீங்களே தீர்மானியுங்கள்.

ஐந்து வருஷ வருமானம்

வியட்நாமில் மோட்டார் சைக்கிள் என்றால் ஜப்பானிய ஹோண்டா என்றே அர்த்தம். தெற்கு வியட்நாமில் எந்தக் கம்பெனி வண்டியானாலும் அதை ‘ஹோண்டா’ என்று சொல்லும் வழக்கமே ஏற்பட்டுவிட்டது. 1990களில் தாய்லாந்திலிருந்து வந்த ‘ஹோண்டா ட்ரீம்’ ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டுக்கே தனி மதிப்பு. ‘ட்ரீம்’ என்றால் கனவு. பெயர் வைத்தவன் பொருத்தமாகத்தான் வைத்தான். பெரும்பாலான ஜனங்களுக்கு அது கனவாகவே இருந்தது.

1996-ல் ஹோண்டா வியட்நாமிலேயே கூட்டுக் கம்பெனி தொடங்கியது. 70 சதவீதப் பங்கு ஹோண்டாவுக்கும் அதன் கிளைக் கம்பெனிக்கும். 30 சதவீதம் வியட்நாம் அரசுத் துறை நிறுவனத்துக்கு. ஹனோய்க்குப் பக்கத்து மாகாணத்தில் ஆலை எழுந்தது. 1997 கடைசியில் ‘சூப்பர் ட்ரீம்’ வெளிவந்தது. உள்ளூரிலேயே செய்தால் விலை இறங்கும் என்றுதானே நாம் நினைப்போம்? இறங்கவில்லை. விலை ஏறத்தாழ 2000 டாலர். அன்றைக்கு அந்த நாட்டில் ஒரு ஆளின் சராசரி வருட வருமானம் சுமார் 400 டாலர். ஐந்து வருஷம் உண்ணாமல் உடுக்காமல் இருந்தால் ஒரு வண்டி!

வெளிநாட்டு வண்டி உள்ளே வராதபடி சுங்கச் சுவர் எழுப்பப்பட்டிருந்தது. தேசத்தின் தொழில் வளரட்டும் என்று எழுப்பிய சுவர் அது. ஆனால் அந்தச் சுவரின் நிழலில் சுகமாகப் படுத்திருந்தது யார்? கூட்டுக் கம்பெனியின் விலைச் சீட்டு!

சரி, வண்டி இல்லாமல் இருக்க முடியாதா என்று கேட்கலாம். ஹனோய் நகரத்தில் பிரெஞ்சுக்காரன் காலத்து டிராம் 1990களின் தொடக்கத்துக்குள் நின்றுபோனது. பஸ் போதுமான அளவு இல்லை. ஆலைகளோ நகரத்துக்கு வெளியே எழும்பின. விவசாயி விடியுமுன் கீரைக்கட்டையும் கோழிக்கூட்டையும் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டி வைத்திருப்பவன் மாலை நேரத்தில் பின்சீட்டில் ஆளேற்றிக் கூலி வாங்குவான். இந்தத் தொழிலுக்கு அங்கே ‘செ ஓம்’ என்று பெயர்; கட்டிப்பிடித்துப் போகும் வண்டி என்று பொருள். அங்கே மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. மண்வெட்டியைப் போல அதுவும் ஒரு வேலைக் கருவி.

எல்லையைத் தாண்டி வந்த பெட்டிகள்

1990களில் சீனா உலகத்திலேயே மிக அதிகமாக மோட்டார் சைக்கிள் செய்யும் நாடாகிவிட்டது. அந்தத் தொழிலின் பெரிய கோட்டை சோங்சிங் நகரம். லிஃபான், லோன்சின், சோங்ஷென் என்ற கம்பெனிகள் அங்கே வளர்ந்தவைதான். ஜப்பானியன் வரைந்த வண்டியைப் பார்த்துப் பிரதி எடுத்தார்கள். எஞ்சினை ஒருவன் செய்வான், ஃபிரேமை ஒருவன், விளக்கை இன்னொருவன். எல்லாரும் அதே மாதிரியைப் பார்த்துச் செய்வதால் எவன் செய்த பாகமும் எவன் வண்டிக்கும் பொருந்தும். வாங்கிப் பூட்ட வேண்டியதுதான் பாக்கி. செலவு அடியோடு குறைந்தது.

சொந்த நாட்டுச் சந்தை நிரம்பி வழிந்ததும் சரக்கு தெற்கே நகர்ந்தது. முழு வண்டியாகக் கொண்டுவர வியட்நாமில் தடை. எனவே பாகம் பாகமாகப் பெட்டியில் கட்டி அனுப்பினார்கள். வியட்நாமில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் அவற்றைப் பூட்டி விற்றன. பார்வைக்கு அச்சு அசல் ‘ட்ரீம்’. விலை? மூன்றில் ஒரு பங்கு. சில வண்டிகள் அதற்கும் கீழே!

பிறகு கேட்க வேண்டுமா? 1999-ல் வருஷத்துக்குச் சுமார் 5 லட்சமாக இருந்த விற்பனை 2000-ல் 15 லட்சத்தைத் தாண்டியது. 2001-ல் ஏறத்தாழ 20 லட்சம். அவற்றில் மிகப் பெரும் பகுதி சீன வண்டி. ஹோண்டாவின் பங்கு சரசரவென்று சரிந்தது.

குட்டு வெளிப்பட்டது

இப்போதுதான் கதையின் முக்கியமான கட்டம் வருகிறது. ‘சூப்பர் ட்ரீம்’ 2000 டாலர் விலைக்கு என்ன நியாயம் சொல்வார்கள்? தரம், நுட்பம், இதற்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது. அப்படித்தானே?

2002 ஜனவரியில் அதே ஹோண்டா ‘வேவ் ஆல்ஃபா’ என்ற வண்டியை இறக்கியது. அதே 100 சி.சி. ரகம். அதே கம்பெனி முத்திரை. விலை 1 கோடியே 9 லட்சத்து 90 ஆயிரம் டாங். அன்றைய கணக்கில் சுமார் 730 டாலர்!

கட்டுப்படியாகாது என்றது எப்படிக் கட்டுப்படியாயிற்று? ஜப்பானிய எஞ்சினியர்களுக்குத் திடீரென்று ஞானோதயம் பிறந்ததா? இல்லை. உள்நாட்டிலேயே அதிகமான பாகங்களை வாங்கினார்கள். சீனாவிலிருந்தும் பாகங்களை வரவழைத்தார்கள். ஆமாம், சீனாவிலிருந்துதான்! 2001-ல் சீனாவில், தன் வண்டியைப் பிரதி எடுத்து விற்ற ஒரு கம்பெனியோடேயே ஹோண்டா கூட்டு வைத்துக்கொண்டது. நேற்று வரை ‘திருடன்’, இன்று சம்பந்தி!

கனவான்களை நாம் கேட்கிறோம்: விலையை இறக்கியது யார்? பத்திரிகையில் எழுதிய மேதாவியா? சுங்க அதிகாரியா? ‘தகர வண்டி’ வாங்கிய அந்த ஏழைதான் இறக்கினான். அவன் சந்தைக்குப் போய் ஐந்து வருஷ வருமானத்தைக் கொடுக்க மறுத்தான். அந்த மறுப்பு லட்சம் லட்சமாகச் சேர்ந்தபோது ஏகபோகத்தின் விலைச் சீட்டு கிழிந்தது. முட்டாள் செய்கிற காரியமா இது?

மலிவு விற்றவனும் சிநேகிதன் அல்ல

அதற்காகச் சீன வண்டி விற்றவனுக்கு மாலை போட நாம் தயாரில்லை. உண்மையை மறைத்து நமக்கு ஆவதொன்றும் இல்லை.

சோங்சிங் கம்பெனிகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு விலையை இறக்கின. இறக்கிய ஒவ்வொரு டாலரும் எங்கிருந்து வந்தது? இரும்பின் கனத்தில் குறைத்தார்கள், பெயிண்டில் குறைத்தார்கள், தொழிலாளியின் கூலியில் குறைத்தார்கள். விளைவை வியட்நாம் ஜனங்கள் அனுபவித்தார்கள். சில மாதங்களில் துரு ஏறிற்று, சங்கிலி இழுபட்டது, எஞ்சின் புகை கக்கியது. விற்கப் போனால் கேட்பாரில்லை. பூட்டி விற்ற கம்பெனிகளில் பல, உள்நாட்டுப் பாகம் இவ்வளவு சேர்த்தோம் என்று பொய்க்கணக்குக் காட்டி வரிச்சலுகையை விழுங்கின. பிறகு சர்க்காரே சோதனை போட்டு அந்தத் தில்லுமுல்லைக் கண்டுபிடித்தது. வண்டி பெருகிய வேகத்தில் சாலையும் பாதுகாப்பும் பெருகவில்லை. விபத்தில் செத்தவர் தொகை 2002-ல் 12 ஆயிரத்தைத் தாண்டியது. மோட்டார் சைக்கிள் ஓட்டும் எல்லாரும் ஹெல்மெட் போட வேண்டும் என்ற கண்டிப்பான உத்தரவு 2007 டிசம்பரில்தான் வந்தது.

2002 செப்டம்பரில் சர்க்கார் பாகங்களின் இறக்குமதிக்கு உச்சவரம்பு போட்டது. மலிவு ஹோண்டா ஒரு பக்கம், உச்சவரம்பு ஒரு பக்கம். சீன வண்டியின் காலம் முடிந்தது. இன்று அந்தச் சந்தையில் பத்தில் எட்டுப் பங்கு மறுபடியும் ஹோண்டாவின் கையில்! போட்டி ஏகபோகத்தை ஒரு முறை அடித்தது. அடிபட்ட ஏகபோகம் விலையை இறக்கி எழுந்து நின்றுகொண்டது. சந்தை தானாக ஏழையைக் காப்பாற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்கட்டும்.

ஏழையின் கணக்கு

“நல்ல வண்டிதான் நெடுநாளில் லாபம்” என்பது அவர்களுடைய கடைசி அஸ்திரம். கணக்குப் போடுவோம். நல்ல வண்டி 80 ஆயிரம் ரூபாய், எட்டு வருஷம் உழைக்கும். மலிவு வண்டி 40 ஆயிரம், இரண்டே வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வருஷத்தில் மலிவு வண்டி நான்கு வாங்க வேண்டும். 1 லட்சத்து 60 ஆயிரம். இரட்டிப்பு நஷ்டம்! கனவான் சொன்னது சரிதானே?

பொறுங்கள். கையில் 40 ஆயிரம்தான் இருக்கிறது. மீதி 40 ஆயிரத்தை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 1200 ரூபாய், வருஷம் 14,400. அசலைத் தீர்க்க முடியாமல் எட்டு வருஷம் வட்டி மட்டும் கட்டினால் 1 லட்சத்து 15 ஆயிரத்து 200. வண்டி விலையோடு சேர்த்தால் 1 லட்சத்து 95 ஆயிரத்து 200. அதில் 40 ஆயிரம் அசல் இன்னும் தீராமல் அப்படியே நிற்கிறது! இப்போது சொல்லுங்கள், கணக்குத் தெரியாதவன் யார்? வண்டி கெட்டதனால் மட்டும் ஏழை நஷ்டப்படவில்லை. கடன் அவனுக்கு விலை அதிகம். அதுதான் மலிவை நோக்கி அவனைத் தள்ளுகிறது.

ஆனால் தோழர்களே, மலிவை வாங்கத் தீர்மானித்தால் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும். பளபளப்பைப் பார்க்காதீர்கள். முதலில் உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் போங்கள். இதன் பாகம் கிடைக்குமா, வேறு கம்பெனிப் பாகம் பொருந்துமா என்று கேளுங்கள். எல்லாரும் ஓட்டும் மாதிரியின் பிரதியாக இருந்தால் பாகம் கிடைக்கும். புதுமையான மாதிரியானால் ஒரு சின்ன கேபிளுக்காக வேலை நாள் போய்விடும். ஃபிரேமில் வெல்டிங்கைத் தடவிப் பாருங்கள். எஞ்சின் நம்பரும் ஃபிரேம் நம்பரும் காகிதத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லா நட்டையும் முடுக்கிவிடுங்கள். முதல் எண்ணெயைச் சீக்கிரம் மாற்றுங்கள். புது எஞ்சினில் தேய்ந்த இரும்புத்தூள் அதில்தான் இருக்கும். பிரேக், டயர், சங்கிலி இந்த மூன்றிலும் சிக்கனம் பிடிக்காதீர்கள். முன் இரண்டும் உயிரைக் காப்பவை. மூன்றாவது அறுந்தால் அன்றைய கூலி போயிற்று.

மறுபடியும் அதே கேள்வி

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். ஹனோயின் நடுப்பகுதியில் 2026 ஜூலை 1 முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது என்று 2025 ஜூலையில் வியட்நாம் பிரதமர் உத்தரவு பிறப்பித்தார். நகரத்தின் காற்று நஞ்சாகிவிட்டது என்பது உண்மை. அந்தக் காற்றை அதிகமாகச் சுவாசிக்கிறவன் தெருவில் பிழைக்கிற உழைப்பாளிதான் என்பதும் உண்மை. ஆனால் பெட்ரோல் வண்டியை ஒதுக்கிவிட்டு மின்சார வண்டி வாங்கு என்றால், அந்தப் பணம் யார் வீட்டிலிருந்து வரும்? ஒரு பக்கம் சீனத்து யாடியா கம்பெனி மின்சார ஸ்கூட்டரோடு நிற்கிறது. மறு பக்கம் அந்த நாட்டின் பெருமுதலாளிக் கம்பெனி வின்ஃபாஸ்ட் நிற்கிறது. 2025 ஆகஸ்டில் நம் தூத்துக்குடியில் கார் ஆலை திறந்ததே, அதே வின்ஃபாஸ்ட்தான்.

ஹனோயில் 2002-க்குப் பிறகு சர்க்கார் மானியம் கொடுத்து பஸ்களைப் பெருக்கியபோது பயணிகள் தொகை சில ஆண்டுகளில் பல மடங்கு உயர்ந்தது. பஸ் வந்தால் ஏழை ஏறுகிறான். இதிலும் அவன் கணக்குத் தப்பவில்லை. ஆனால் நகரத்தின் முதல் மெட்ரோ ரயில் ஓட 2021 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவரை வேலைக்குப் போய்வரும் செலவு முழுவதையும் உழைப்பாளி தன் தலையில் சுமந்தான்.

ஆலைக்கு ஆள் வேண்டும். சந்தைக்குக் காய்கறி வேண்டும். நகரத்துக்கு உழைப்பு வேண்டும். அந்த உழைப்பைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவு மட்டும் உழைப்பவனுடையதா? மலிவு வண்டி வாங்கியவனைக் கேலி செய்யுமுன் இந்தக் கேள்விக்குக் கனவான்கள் பதில் சொல்லட்டும்.