இடைச்செருகல் அறியும் கண்

ஆங் மோ கியோவில் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி உண்டு. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் மத்தியக் கல்லூரியும் உண்டு. கணினி கற்கும் தமிழ் மாணவர் பலருக்கு அவ்வட்டாரம் பழக்கமானது. விண்டோஸ் 10க்குரிய வழக்கமான ஆதரவு 14.10.2025 அன்று முடிவுற்றபின், பழைய கணினியை எறியாமல் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொள்வது அன்னார்க்குத் தக்க வழியே. அதற்கு விலையில்லை, அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம்.

“எவரும் படிக்கலாம்; ஆகவே ஐயமில்லை” என்பாரின் கூற்றே ஈண்டு மறுக்கத்தக்கது. எவரும் படிக்கலாம் என்பது உரிமை; எவரோ படித்திருப்பார் என்பது வெறும் நம்பிக்கை. இரண்டையும் ஒன்றென மயங்குவது பேதைமை.

சான்று வேண்டுமா? 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையத்தளத்துள் புகுந்த கயவர், கள்ளவழி வைத்த போலிப்படிக்குப் பதிவிறக்க இணைப்பைத் திருப்பினர். 2025 ஜூலையில், ஆர்ச் லினக்ஸ் பயனர் களஞ்சியத்தில், பயர்பாக்ஸ் முதலிய உலாவிகளின் திருத்தம் எனும் போர்வையில் மூன்று பொதிகள் ஏற்றப்பட்டன. நிறுவியவர் கணினியைத் தொலைவிலிருந்து ஆளும் நச்சுநிரல் அவற்றின்வழி நுழைந்தது. அக்களஞ்சியத்துப் பொதிகள் பயனர்களே ஆக்கியவை. அவற்றை ஆராயும் கடமை நிறுவுவோரையே சாரும்.

தமிழ் கற்றோர்க்கு இது புதிய செய்தி அன்று. ஏடெழுதுவோர் பிறழ எழுதியதும், இடையில் செருகியதும் நம் இலக்கிய வரலாறு கண்டவையே. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், கிடைத்த ஏடொன்றை அப்படியே அச்சேற்றினாரா? பல ஏடுகளை ஒப்புநோக்கியன்றோ பாடம் துணிந்தார்! கணினியிலும் கடமை அதுவே. 2024இல் எக்ஸ்இசட் எனும் சுருக்குநிரலின் வெளியீட்டுக் கோப்பில், பொதுக் களஞ்சியத்து மூலத்தில் இல்லாத வரிகள் செருகப்பட்டிருந்தன. செருகியவர் ஈராண்டுக்கு மேல் உழைத்து நன்மதிப்பு ஈட்டியவர். உள்நுழைவில் நேர்ந்த அரைநொடித் தாமதத்தைப் புறக்கணியாத ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்ற ஒருவரின் கண்ணே அதனை வெளிப்படுத்தியது.

செய்யத்தக்கது அரிதன்று. நிறுவற்கோப்பின் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடுக. தளமே களவுபோயின் தொகையும் பொய்க்குமாதலின், மின்கையொப்பத்தையும் சோதிக்க. பொதிகளை முதலில் வழங்கலின் சொந்தக் களஞ்சியத்தில் தேடுக. பயனர் ஆக்கிய பொதியாயின் அதன் ஆக்கக்குறிப்பைத் திறந்து படிக்க. எம்முகவரியிலிருந்து கோப்பு வருகிறது? அது மூல ஆசிரியருடையதா? நிறுவும்போது வேறு கட்டளை ஏதும் ஓடுகிறதா? விடை தெரியாத பொதியை விலக்குக. பொருள் அறியாத கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்குவது, வாசிக்காத பத்திரத்தில் கையொப்பமிடுவதாகும்.

“தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை?” என்பர் சிலர். சிங்கப்பூரில் கணியன் எனும் தமிழ் மென்பொருளை உருவாக்கி, 1995இல் தமிழ்க் கவிதை இணையமேறத் துணைநின்ற நா. கோவிந்தசாமி தமிழாசிரியரே, எழுத்தாளரே. அவர் ஆக்கிக் காட்டினார். அவர் வழிவந்தோர் படித்தறியவும் அஞ்சுவதோ?

திருக்குறளில் ‘தெரிந்துதெளிதல்’ என ஓர் அதிகாரம் உண்டு. முதலில் தெரிதல், பின்னரே தெளிதல். தேர்வுத்தாளுக்கு அதனை மனனம் செய்யும் மாணவன், வீடு சென்று ஆராயாமல் பொதியை நிறுவுவானாயின், அவன் குறளைக் கற்றவனல்லன்.