கடற்கரை வழக்கும் இறைமையும்



போர்க்குற்ற விசாரணைக்கு வெளிநாட்டு நீதிபதிகள் வந்தால் இறைமை போய்விடும் என்கிறது கொழும்பு. உள்நாட்டு நீதியின் இலட்சணத்தைத் திருகோணமலை அறியும். 2006 ஜனவரி 2 அன்று இங்கே கடற்கரையில் காந்தி சிலையருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்தது என்றது படைத்தரப்பு; உடல்களில் இருந்தவையோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். அந்தக் காயங்களைப் படமெடுத்து வெளிக்கொணர்ந்த செய்தியாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். சாட்சிகள் சிலர் உயிருக்கு அஞ்சி நாட்டைவிட்டே போனார்கள். 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லையென்று விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 சந்தேகநபர்களும் விடுதலை.

2015இல் வெளிநாட்டு நீதிபதிகளின் பங்களிப்புக்கு ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவைத் தீர்மானத்தின் வழியே இணங்கிய அரசு, சில மாதங்களிலேயே மறுத்துப் பேசியது. 2020இல் அடுத்த அரசு அத்தீர்மானத்தின் இணை அனுசரணையிலிருந்தே விலகியது. தெற்கின் வாக்குகளை இழக்க எவருக்கும் மனமில்லை. சேர்பியா 2001இல் தன் முன்னாள் ஜனாதிபதி மிலோசெவிச்சை ஹேக்கிலுள்ள சர்வதேசத் தீர்ப்பாயத்திடம் ஒப்படைத்ததும் நீதிப்பற்றால் அல்ல, உதவிப் பணத்துக்காகத்தான். ஆனாலும் ஒப்படைத்தது. இங்கே, புலம்பெயர்ந்த சாட்சிகள் அச்சமின்றிக் காணொளியில் பேசவாவது அரசு வழிசெய்யட்டும்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை.