வெள்ளம் வாசலுக்கு வந்தபின் யாரைக் கேட்பது?



ஐப்பசி பிறக்குமுன் நம் வீடுகளில் வழக்கமாக நடக்கும் வேலைகள் சில உண்டு. மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயில் அடைத்திருக்கும் சருகுகளை அகற்றுவோம். ஒழுகும் இடங்களைப் பூசுவோம். மிளகாயையும் மல்லியையும் வெயிலில் காயவைத்து எடுத்து வைப்போம். இவற்றோடு இன்னுமொரு வேலையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மாதம் எழுதுகிறேன். அதற்குப் பெரிய செலவில்லை. வீட்டார் அனைவரும் ஒருமுறை ஒன்றாக அமர்ந்து பேசினால் போதும்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஒரு நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அதிகனமழை என்று வானிலைத் துறையினர் வகைப்படுத்துகின்றனர். ஆயிரம் சதுர அடி மாடியுள்ள வீடு ஒன்றை எடுத்துக்கொண்டால், அந்த ஒரு மாடியின் மீது மட்டும் அன்று கொட்டிய நீர் ஏறக்குறைய 88 ஆயிரம் லிட்டர். தண்ணீர் லாரியில் அளந்தால் ஏழு லாரிகளுக்கும் மேல். இப்படி ஒவ்வொரு வீட்டின் மீதும், ஒவ்வொரு தெருவின் மீதும் விழுந்த நீர் எங்கே வடியும்? மேற்கே அணைகள் நிரம்பித் திறக்கப்பட்டன, தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் பல உடைத்துக்கொண்டன. வானத்து நீரும் ஆற்று நீரும் குளத்து நீரும் ஒருசேரக் கடலோர ஊர்களை நோக்கி வந்தன.

இதில் நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அது புயலன்று. குமரிக்கடலையொட்டி நிலவிய வளிமண்டலச் சுழற்சியால் பெய்த மழை அது. அதற்குப் பெயரில்லை, கரை கடக்கும் நேரமில்லை. அம்மாதத் தொடக்கத்தில் சென்னையைத் திணறடித்த மிக்ஜாம் புயலுக்குப் பெயர் இருந்தது. நாள்தோறும் அதைப் பற்றியே பேச்சாக இருந்தது. பெயர் வைத்த புயல் வந்தால்தான் ஆபத்து என்று எண்ணிப் பழகிய மனத்திற்கு, பெயரில்லாத மழை ஒரு மழையாகவே தோன்றும். ஆகவே இனிப் பெயரைப் பார்க்க வேண்டாம், நிறத்தைப் பாருங்கள். வானிலை அறிவிப்பில் மஞ்சள் என்றால் கவனமாயிருங்கள் என்று பொருள். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் உடனே செயற்படுங்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்திற்கு வருகிறேன். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஆடவர் பலர் தொழிலின் பொருட்டுச் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கின்றனர். வீட்டில் இருப்பவர்கள் பெண்களும் முதியோரும் பிள்ளைகளுமே. அப்படிப்பட்ட வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். கணவர் ஜித்தாவில். உம்மாவுக்குச் சர்க்கரை நோய். முழங்கால் வலியால் படியேற இயலாது. பிள்ளைகள் மூவர்; இளையவனுக்கு இரண்டு வயது. இரவு பதினொரு மணி. மழை விடவில்லை, வாசலின் முதற்படி மூழ்கிவிட்டது. எதிர்வீடு மாடி வீடு. போவதா, இருப்பதா? கணவரைக் கேட்போம் என்று கைபேசியை எடுக்கிறாள். மின்சாரம் போய்ப் பல மணி நேரமாயிற்று, தொடர்பு கிடைக்கவில்லை. "உன் வாப்பா காலத்திலேயே இந்தப் படியைத் தாண்டித் தண்ணீர் வந்ததில்லை, பேசாமல் இரு மகளே" என்கிறார் உம்மா. அவளும் இருந்துவிடுகிறாள். இரண்டு மணிக்குக் கட்டிற்கால் மூழ்குகிறது. இப்போது இடுப்பளவு நீரில், இருட்டில், நடக்க முடியாத தாயையும் கைக்குழந்தையையும் எப்படி எதிர்வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பாள்?

பதினொரு மணிக்குப் பத்தடி தூரமாக இருந்தது, இரண்டு மணிக்குக் கடக்கமுடியாத ஆறாகிவிடுகிறது. வேகமாக ஓடும் நீர் அரையடி உயரமிருந்தாலே ஒருவரைத் தடுமாறி விழச்செய்யும். ஓரடி இருந்தால் சிறிய காரையே இழுத்துச் செல்லும். ஆக, அந்த மூன்று மணி நேரத்தைத் தின்றது வெள்ளமன்று. யாரைக் கேட்பது என்ற தயக்கம்தான். 2023 டிசம்பரில் அம்மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் நாட்கணக்கில் இல்லாமற்போயின. கேட்டுச் செய்வோம் என்று காத்திருப்போருக்கு விடை வராத நாட்கள் அவை.

பெண்மக்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கமுடையவை இவ்வூர்கள். வீடு அவளுடையது, வீட்டை விட்டு வெளியேறும் முடிவும் அவளுடையதாக இருக்க வேண்டாமா? அந்த முடிவை மழைநாளில் கேட்டுப் பெற முடியாது. வெயில் நாளிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தமுறை கணவர் பேசும்போது, "வாசலில் இந்த அடையாளத்தைத் தண்ணீர் தொட்டால் உங்களைக் கேட்காமலே கிளம்பிவிடுவேன்" என்று சொல்லி வையுங்கள். உம்மாவும் அருகிலிருந்து கேட்கட்டும். சுவரில் சிறு கோடு ஒன்று கிழியுங்கள். அந்தக் கோடுதான் வீட்டின் கட்டளை. சிவப்பு எச்சரிக்கையோடு இரவு நெருங்கினால், கோட்டுக்குக்கூடக் காத்திராமல் முதியோரைப் பகலிலேயே மாடிக்கு ஏற்றிவிடுவது இன்னும் நல்லது.

அடுத்து, எங்கே செல்வது என்பது. மாடியுள்ள அண்டை வீட்டாரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். உங்கள் வீடு மாடி வீடாயின், தாழ்ந்த வீட்டாரிடம் நீங்களே சென்று சொல்லி வையுங்கள். அவர்களாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள். பெண்கள் போய்வர வசதியாக நம் முன்னோர் விட்ட முடுக்குகள் மழையின்போது நீரோடும் வாய்க்கால்களாகிவிடும். ஆகவே செல்லும் வழியையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள பள்ளிக்கூடம், மண்டபம், பள்ளிவாசல் இவற்றுள் எது மேடான இடத்தில் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவற்றை ஒரே பையில் வையுங்கள். குடும்ப அட்டை, ஆதார், பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம், வீட்டுப் பத்திரம், நிக்காஹ் சான்று ஆகியவற்றைத் தடித்த பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள். 2023 வெள்ளத்திற்குப் பின் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் அரசு வழங்கிய 6,000 ரூபாய் நிவாரணம் குடும்ப அட்டையை வைத்தே கொடுக்கப்பட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அன்றாட மாத்திரைகள் ஒரு வாரத்திற்குரியவை, டார்ச் விளக்கு, கைபேசிக்குரிய பவர் பேங்க், குழந்தையின் பால்மாவு, சிறிது ரொக்கம் இவையும் அதில் இருக்கட்டும். பையின் இடம் பீரோவின் அடித்தட்டன்று, பரண். முக்கியமான எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். கைபேசி அணைந்தால் அதிலுள்ள எண்களும் அணைந்துவிடும். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, மாநிலத்திற்கு 1070.

வீட்டிலேயே தங்க நேர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம் மூன்று நாட்களுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நீர் வேண்டும். ஐவர் உள்ள வீட்டுக்கு 60 லிட்டர்; நான்கைந்து குடங்கள்தாம். எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பி, மூடி, உயரத்தில் வைத்துவிடலாம். கிணற்றில் வெள்ளம் கலந்துவிட்டால் நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிய நீரையே அருந்துங்கள். நீர் உள்ளே வருமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். ஈரக்கையாலோ நீரில் நின்றுகொண்டோ அதைத் தொடாதீர்கள். எரிவாயு உருளையின் ரெகுலேட்டரை மூடி, உருளையைக் கயிற்றால் கட்டி வையுங்கள். அது நீரில் மிதந்து செல்லக்கூடியது. இன்சுலின் போடுபவர்கள் மின்சாரம் போனதும் அஞ்ச வேண்டாம். ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள் சிறு டப்பாவில் வைத்தால் சில நாட்கள் குளிர்ச்சி காக்கும். உங்கள் மருத்துவரிடமும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்தபின் வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள். பாம்பும் இருக்கலாம், எலிக்காய்ச்சலும் அவ்வழியே வரும்.

அந்த டிசம்பரில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், இருப்புப்பாதை அரித்துச் செல்லப்பட்டதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறக்குறைய 800 பயணிகள் தவித்தனர். அவர்களுள் பலர் மீட்கப்பட இரண்டு இரவுகள் கழிந்தன. மீட்புப் படையினர் வந்து சேரும்வரை அவர்களுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்தவர்கள் அருகிலிருந்த சிற்றூர் மக்களே. யார் என்ன மதம், எந்த ஊர் என்று அவர்கள் கேட்கவில்லை. பெருவெள்ளத்தில் முதல் நாள் உதவி அடுத்த வீட்டிலிருந்துதான் வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆகவே 60 லிட்டர் நீர் வைக்கும்போது, தனியாக வாழும் அடுத்த வீட்டு மூதாட்டிக்கும் ஒரு குடம் சேர்த்து வையுங்கள்.

"இறைவன் காப்பான்" என்று சொல்லி ஏற்பாடு எதுவுமின்றி இருப்போர் நம்மில் உண்டு. காப்பவன் அவனே, ஐயமில்லை. ஆனால் இரவில் கதவுக்குத் தாழிட்டுவிட்டுத்தானே நாம் உறங்கச் செல்கிறோம்? சுவரில் கிழிக்கும் அந்தக் கோடும் ஒரு தாழ்ப்பாள்தான்.

இந்த வெள்ளிக்கிழமை மதிய உணவுக்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். கோடு எங்கே, மாடி எது, பை எங்கே ஆகிய மூன்றையும் பேசி முடித்துவிடுங்கள். பிறகு மழை வரட்டும். அது அருளாகவே வரட்டும்.